பொட்டில்லாத மூத்த துரை

எங்கள் பெரியப்பாவின் கார் ஷெட்டில், பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படம் மாட்டியிருந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் யாரோ பாதிரியார் குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாற்காலியில் தாடி வைத்த ஒரு கிழவர், பக்கத்தில் தொப்பி அணிந்த அவர் மனைவி, பின்னால் நின்றபடி இரண்டு இளைஞர்கள், அவர்களுக்கும் பின்னால் பானட் திறந்த ஒரு கார். பெரியப்பா வைத்திருந்த காரைத் தயாரித்த கம்பெனியின் முதலாளி குடும்பம் அது. அந்தக் கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பேரைச் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை, வாயில் நுழையாது. கிழவர் பெரிய துரை, அந்த அம்மாள் துரைசாணி, பிள்ளைகள் மூத்த துரை, இளைய துரை. அவ்வளவுதான். கண்ணாடியின் மேல் பெரிய துரைக்கும் துரைசாணிக்கும் இளைய துரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும். மூத்த துரையின் நெற்றி மட்டும் வெறுமையாக இருக்கும்.

சாமி படங்களை விட்டால், செத்தவர்களின் படத்துக்குத்தான் நம் வீடுகளில் பொட்டு வைக்கிறோம். உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது தெரியாமல் வைத்துவிட்டால் வீடே பதறிப்போய்த் துடைக்கும். மற்ற மூன்று பேரும் செத்துப்போனது பெரியப்பாவுக்கு நிச்சயமாகத் தெரியும். மூத்த துரை விஷயத்தில் மட்டும் அவருக்குத் தகவல் இல்லை. தகவல் வராமல் ஒருவருக்குப் பொட்டு வைக்க அவர் சம்மதிக்கவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்திருக்கிறேன், அண்ணன் காணாமல் போகும்வரை.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், குத்தாலத்தில் பெரியப்பா அரிசி மில் வைத்திருந்தார். மில் வளாகத்துக்குள்ளேயே வீடு, வீட்டை ஒட்டிக் கார் ஷெட். நெல் காயும் களத்தின் ஓரமாக அந்த நீளமான கறுப்புக் காரை அவர் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், கோழிகூட ஒதுங்கிப் போகும். ஏதோ ஒரு பண்ணையார் வீடு பாகம் பிரிந்தபோது வாங்கிய வண்டி அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் பைத்தியங்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். எல்லோரும் என்றால் ரொம்பப் பேர் இல்லை. தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை எஞ்சினியர் ஒருவர் தன்னுடைய சின்ன ஆஸ்டினில் இருமிக்கொண்டே வருவார், இருமுவது அவரா காரா என்று பெரியப்பா கேட்பார். மயிலாடுதுறையில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வருவார். அவரிடம் பழைய காரே கிடையாது. அடுத்தவர் காருக்கு அடியில் படுத்துக்கொள்வதில்தான் அவருக்கு ஆனந்தம். வெள்ளைச் சட்டையோடு வந்து கறுப்புச் சட்டையோடு போவார்.

கார்புரேட்டரைப் பற்றி அவர்கள் பேசுவது கொஞ்ச நேரம்தான். பிறகு பேச்சு துரை வீட்டுக்குப் போய்விடும். எஞ்சினியர் சென்னையில் பழைய புத்தகக் கடைகளைத் துழாவி ஆங்கிலப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார். அந்தப் படமும் அப்படிக் கிடைத்ததுதான். பெரிய துரை முதலில் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். துரைசாணியின் நகையை விற்றுத்தான் முதல் காரைச் செய்தார். இளைய துரை புது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய் மலைச்சரிவில் உருண்டு செத்தார். மூத்த துரைக்கு அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் கார் செய்தது போதும், சாதாரண ஜனங்களுக்கு மலிவாகச் செய்வோம் என்று பிள்ளை சொன்னார். என் பேரில் தகர டப்பா போட மாட்டேன் என்று அப்பா சொன்னார். ஒருநாள் மூத்தவர் கோபித்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவர் வரைபடம் போடும் அறையைக் கிழவர் சாகும்வரை பூட்ட விடவில்லையாம், தினமும் பெருக்கி வைக்கச் சொல்வாராம். சொந்தத் தாயாதி வீட்டு வழக்கைப் போல இதை அவர்கள் அலசுவார்கள். யார் பக்கம் நியாயம் என்று சண்டைகூட வரும். பெரியப்பா எப்போதும் பெரிய துரை பக்கம்தான்.

பெரியப்பாவின் ஒரே மகனை நான் அண்ணன் என்றுதான் எழுத முடியும். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லாததால் அவர்தான் அண்ணன். அந்தக் காரை அப்பாவைவிட நன்றாக அவருக்குத் தெரியும். என்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னிக்கு அம்மாவுக்கு மூடு சரியில்ல பெரியவரே" என்று காரைப் பற்றித் தன் அப்பாவிடம் சொல்வார். அவருக்கு மில்லை மாற்ற வேண்டும் என்று ஆசை. புது மெஷின்கள் வர ஆரம்பித்த காலம் அது, பக்கத்து ஊர்களில் நெல்லை உள்ளே போட்டால் மூட்டையாக அரிசி வெளியே வந்தது. நம் மில்லும் அப்படி மாறினால்தான் பிழைக்கும் என்று அண்ணன் சொன்னார். நான் இருக்கிறவரை களத்தில்தான் நெல் காயும் என்று பெரியப்பா சொன்னார். வார்த்தை தடித்தது. "நான் போறேன்" என்றார் அண்ணன். "போயேன்" என்றார் பெரியப்பா. அந்த ஒரு வார்த்தையை நானும் அண்ணியும் கேட்டுக்கொண்டு நின்றோம். அண்ணி கல்யாணமாகி வந்து அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை.

அண்ணன் குவைத்துக்கு ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலைக்குப் போனார். அண்ணிக்குக் கடிதம் வரும், அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. பிறகு ஈராக் படை நுழைந்து அங்கே சண்டை வந்தது. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து போனவர்கள் பாலைவனத்தில் பஸ்ஸிலும் நடந்தும் வந்து விமானம் ஏறி, உடுத்திய துணியோடு வீடு வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பெரியப்பா அந்தக் கறுப்புக் காரில் போய் இறங்கினார். எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள், காபி கொடுத்தார்கள். அண்ணனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மனு, தூதரகம், மந்திரி வீடு என்று எல்லாம் நடந்தது. பெரியம்மா அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டில் மாமனாரும் மருமகளும்தான்.

அண்ணி பொட்டு வைத்துக்கொண்டு, தாலியோடு, கல்யாண வீடுகளுக்குப் போவாள். ஆனால் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிட யாருக்கும் மனசு வராது. கூப்பிடாமல் இருக்கவும் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவள் பக்கம் தட்டை நீட்டி, யாரோ ஒருத்தி கையைப் பிடித்து இழுத்து, ஒரே குழப்படியாகிவிடும். அவளே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். அவளைச் சுமங்கலி என்பதா இல்லையா என்று ஊருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று காரைக் கழுவித் துடைத்து மாலை போட்டு, படங்களைத் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைப்பது அண்ணியின் வேலை. எஞ்சினியரும் பாயும் தவறாமல் வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் எஞ்சினியர் அதே பேச்சைத் தொடங்குவார்.

"மூத்த துரைக்கும் வச்சிடலாங்க. உயிரோட இருந்தா நூறு வயசு தாண்டியிருக்கும்."

"செத்தத யார் பார்த்தா?" என்பார் பெரியப்பா.

கேள்வி யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுண்டல் எடுத்துவர உள்ளே போவாள். நான் அந்தப் படத்தைப் பார்ப்பேன். வருஷம் ஆக ஆக மூத்த துரையின் முகம் அண்ணன் முகமாக மாறிக்கொண்டே வந்தது. இது என் பிரமைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஷெட்டுக்குள் தனியாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது. அங்கே யாரோ வெகுநேரமாக நின்றுகொண்டிருப்பது போலவும், நான் நுழைந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டது போலவும் தோன்றும்.

வருஷங்கள் போயின. ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்பதே பேச்சாக இருந்தது. மில்லில் நெல் வரத்து குறைந்து, ஆட்கள் திருப்பூர் போனார்கள், சிங்கப்பூர் போனார்கள். தெருவில் பளபளவென்று புதுக் கார்கள் ஓடின, எந்தக் காரை எவர் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஆயுத பூஜையன்று, எஞ்சினியர் வழக்கமான பேச்சைத் தொடங்கியபோது, காருக்கு அடியிலிருந்து பாய் வெளியே வந்தார். அன்று அவர் வந்ததிலிருந்தே யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மூத்த துரையப் பத்தித் தகவல் கெடைச்சிருக்கு. எங்க சொந்தக்காரப் பையன் லண்டன்ல இருக்கான். அந்த ஊருக்கே போய் விசாரிச்சிருக்கான்."

எஞ்சினியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க, சொல்லுங்க. கப்பல்லயே போயிட்டாரா?"

"கப்பலே ஏறலைங்க. பக்கத்து ஜில்லாவுலதான் இருந்திருக்காரு. வேற பேர வச்சுக்கிட்டு. மெக்கானிக் ஷெட்டு போட்டு நல்லாத்தான் பொழச்சிருக்காரு. ஊர்க்காரங்க பார்த்துக் கேட்டதுக்கு, நான் அவன் இல்லேன்னுட்டாராம். வர முடியாம இல்ல. வர இஷ்டம் இல்ல."

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த ஹெட்லைட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த இடத்தில் ஆண்கள் பேச்சில் அவள் கலந்துகொண்டதே கிடையாது. அன்று கேட்டாள்.

"அங்க குடும்பம் இருந்துதா?"

"இருந்துச்சும்மா. பொஞ்சாதி, ஒரு புள்ள."

"இங்க?"

பாய் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இங்கயும் இருந்துச்சும்மா. மாமனார் வீட்டுலயே இருந்துச்சு அந்தப் பொண்ணு. காத்துக்கிட்டு."

"என்ன பாய் இது, மூத்தவருக்குக் கல்யாணமே ஆகலையே!" என்று எஞ்சினியர் கத்தினார். அவருக்குச் சரித்திரம் தப்பாகப் போனதுதான் கவலை. அண்ணி ஹெட்லைட்டைத் துடைத்து முடித்தாள். துணியை மடித்து மட்கார்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள், சுண்டலோடு திரும்பி வரவில்லை.

பெரியப்பா எழுந்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படத்தின் அருகே போனார். பெரிய துரைக்கு வைத்தார், துரைசாணிக்கு வைத்தார், இளைய துரைக்கு வைத்தார். பிறகு மூத்த துரையின் நெற்றியிலும் விரலை அழுத்தி வைத்தார். சந்தனம் கண்வரைக்கும் இழுபட்டுவிட்டது. குங்குமத்தையும் வைத்துவிட்டு, "பூசணிக்காய ஒடைங்க, நேரமாச்சு" என்றார். அவ்வளவு காலம் மறுத்தவர், அன்று தன் கையாலேயே மூத்தவரைச் சாகடித்தார். காருக்கு முன்னால் சிதறிய பூசணித் துண்டுகளில் குங்குமம் கலந்து கிடந்ததைப் பார்க்க முடியாமல் நான் அண்ணியிடம் ஓடினேன். அவள் அழவில்லை. சமையல்கட்டில் உட்கார்ந்து, சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவி முடித்த மூடியையும் விடாமல் துருவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதமே அவள் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். பிறகு தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. "வேலைக்குப் போறேன் மாமா" என்றுதான் சொன்னாள், போகட்டுமா என்று கேட்கவில்லை. பெரியப்பா காரை எடுத்துப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவிட்டார். அவள் அங்கே விடுதியில் தங்கினாள், சனிக்கிழமைதோறும் வந்து மாமனாருக்கு வாரத்துக்கான குழம்புப்பொடியிலிருந்து மாத்திரை வரை எடுத்து வைத்துவிட்டுப் போவாள். பாய் மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. அவரை வரச்சொல்லிப் பெரியப்பாவும் ஆள் அனுப்பவில்லை. துரை வீட்டுக் கதையும் அன்றோடு நின்றது.

பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது காரைப் பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பழைய கார் சேர்ப்பவர், மரியாதையான மனிதர். சுவரிலிருந்த படத்தையும் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். உலகம் முழுக்க இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குள் இப்போது செல்போனில் ஒரு குழு இருக்கிறதாம். அவர் அந்தப் படத்தை எடுத்து அதில் போட்டார். நெற்றியில் ஏன் சிவப்புப் புள்ளிகள் என்று அங்கே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. அப்போது துரைசாணி வழியில் வந்த ஒரு அம்மாள் எழுதினாள்: மூத்தவர் கப்பலிலேயே காய்ச்சலில் இறந்துபோனார், சின்ன வயசு, கல்யாணமாகவில்லை, உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள், அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. எஞ்சினியர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா, பாய் அடிச்சது சுத்தப் பொய்" என்று வெற்றியோடு சிரித்தார்.

நான் மயிலாடுதுறைக்குப் போய்ப் பாயைப் பார்த்தேன். கடையை மகன்கள் கவனித்தார்கள், அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என் தங்கச்சி மவன் மஸ்கட்ல உங்க அண்ணனப் பார்த்தான்மா. ஒரு தடவ இல்ல. உங்க பெரியப்பாகிட்ட ஓடிவந்து சொன்னேன். எங்க வீட்டு விஷயத்த வெளிய பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு ஒவ்வொரு வருஷமும் சந்தனக் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறதப் பார்க்கப் பொறுக்கல. உங்க வீட்டப் பத்திப் பேசலம்மா நான். துரை வீட்டப் பத்தித்தானே பேசினேன்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யான ஒரு சரித்திரத்தைச் சொல்லி, சொல்லக்கூடாத உண்மையை அவர் அண்ணியின் கையில் கொடுத்திருக்கிறார். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை இதற்காகத் தன் பேரை இரவல் கொடுத்ததற்கு நான் மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரியப்பாவிடம் பாயின் பேரை மட்டும்தான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருக்கான்னு சொன்னா அவ போயிடுவா. செத்துட்டான்னு சொன்னா அவ பொட்ட அழிச்சிடுவாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அவர் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஆத்திரப்பட்டேன். "அவ போகலையே பெரியப்பா" என்றேன். "ஆமா, போகலையே" என்றார், இன்னும் நம்ப முடியாதவர்போல.

அவர் போனபோது கொள்ளி வைத்தது என் அப்பா. அண்ணி ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து காரியங்களை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டு செய்தாள். கருமாதியன்று பெரியப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் வைத்தார்கள். அண்ணி அதற்குப் பொட்டு வைத்தாள், சுற்றிலும் பிசிறில்லாமல், வட்டமாக. உறவில் மூத்தவரான ஒரு மாமா அண்ணனின் கல்யாணப் படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார். இத்தனை வருஷம் தகவல் இல்லாதவனுக்கும் இன்றைக்கே சேர்த்துச் செய்துவிடலாம், அய்யரும் செய்யலாம் என்கிறார், அவன் ஆத்மாவும் அலையாமல் இருக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூடத்தில் எல்லோரும் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

அண்ணி படத்தை வாங்கினாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"படத்துல பொட்டும் பூவும் செத்தவங்களுக்குத்தான் மாமா. இவர் வரமாட்டேன்னு இருக்கறவர்" என்றாள். "என் கையால இவருக்குச் சாவு கிடையாது. இருக்கட்டும்."

படத்தைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.